வலைக்குள் வரலாறு – 17: அனானிகளின் பலகை

டோக்கியோவுக்குத் தென்மேற்கே ஷோனான் என்றொரு நீண்ட கடற்கரை. 2002 ஜூலையில் அங்கே குப்பை பொறுக்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தி, அதைத் தனது 27 மணி நேரத் தொடர் ஒளிபரப்பில் காட்ட ஃபுஜி தொலைக்காட்சி ஏற்பாடு செய்திருந்தது. கேமராக்கள் வந்து இறங்குவதற்குள் நூற்றுக்கணக்கான பேர் திரண்டு வந்து கரையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நல்ல காரியம்தானே என்று தோன்றும். ஆனால் வந்தவர்களுக்குக் கடற்கரை மேல் அப்படியொன்றும் பாசம் இல்லை. ஃபுஜி டிவியின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தியிருந்தன. நடுவர்கள் கொரியாவுக்குச் சாதகமாக ஊதினார்கள், ஜப்பானியத் தொலைக்காட்சிகளோ அதைப் பற்றி மூச்சு விடாமல் கொரியாவுக்கு ஜால்ரா அடித்தன என்று ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டம் கூடிய இடம் ‘2சேனல்’ என்ற இணையப் பலகை. பெயர் சொல்லாமலே கூடி, பெயர் சொல்லாமலே கலைந்தார்கள். பின்னாளில் ‘நெட்டோ உயோகு’, அதாவது இணைய வலதுசாரிகள் என்று ஜப்பானில் அழைக்கப்பட்ட கூட்டம் தெருவுக்கு வந்த ஆரம்ப நாட்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கடற்கரையைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

பெயரில்லாதவர்களின் வரலாற்றை எப்படி எழுதுவது? தலைவர் இல்லை, உறுப்பினர் பட்டியல் இல்லை, பாதிப் பேச்சு அன்றைக்கே அழிந்துபோகிறது. ஆனால் பலகைக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தே ஆக வேண்டும். சர்வருக்குக் காசு கட்டுகிற ஒருவர், எதை அழிப்பது எதை விடுவது என்று முடிவெடுக்கிற ஒருவர். அவர்களுக்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, வழக்கு எண்கூட உண்டு. இந்த அத்தியாயத்தில் அப்படி நான்கு பேர் வருகிறார்கள்.

அதற்கு முன் ஒன்று. இனவெறியர்களுக்குக் கணினி வலைப்பின்னலை யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கு க்ளக்ஸ் க்ளானில் ஊறிய லூயிஸ் பீம் 1984லேயே மோடம் வழியாக எட்டக்கூடிய ‘ஆரியன் நேஷன்ஸ் லிபர்ட்டி நெட்’டை அமெரிக்காவில் நடத்திக்கொண்டிருந்தார். 1995இல் ‘ஸ்டார்ம்ஃபிரண்ட்’ தளத்தைத் தொடங்கிய டான் பிளாக்கும் க்ளான் ஆள்தான். டொமினிக்கா என்ற குட்டித் தீவைக் கூலிப்படையோடு போய்ப் பிடிக்கத் திட்டமிட்டு 1981இல் மாட்டிக்கொண்டு, சிறையில் கணினி கற்றவர். இவையெல்லாம் போர்டு மாட்டிய கடைகள். உள்ளே என்ன விற்கிறது என்று தெரிந்துதான் ஆள் நுழைவான். 2003க்குப் பிறகு நடந்தது வேறு. கார்ட்டூன் பார்க்க வந்தவர்கள், பூனைப் படம் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள், வீடியோ கேம் பேச வந்தவர்கள் கூடிய இடத்தில், எந்தப் போர்டும் இல்லாமல் அதே சரக்கு புழங்க ஆரம்பித்தது.

முதல் ஆள் ஹிரோயுகி நிஷிமுரா. 1999 மே மாதம் 2சேனலைத் தொடங்கும்போது வயது 22. ஜப்பானில்கூட இல்லை, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கான்வே என்ற சிற்றூரில், கல்லூரி மாணவராகத் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து செய்தார். பதிவு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டால் ‘நனாஷி-சான்’ என்று தானாக விழும். பெயரில்லாதவர் என்று பொருள். தமிழ் வலைப்பதிவுகள் செழித்திருந்த நாட்களில் பின்னூட்டப் பெட்டிக்கு வந்து போகிறவரை ‘அனானி’ என்பார்களே, அந்த அனானிதான் இங்கே ஊர் முழுக்க. யாராவது பதில் போட்டால் இழை மேலே ஏறும், போடாவிட்டால் இறங்கி மறையும். எது மேலே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க ஆசிரியர் என்று யாரும் கிடையாது. சுருக்கென்று தைப்பது மேலே நிற்கும்.

ஓராண்டுக்குள் என்னவெல்லாம் வரப்போகிறது என்பதன் முதல் வாடை அடித்தது. 2000 மே 3 அன்று சாகா நகரத்திலிருந்து கிளம்பிய பேருந்தை 17 வயதுப் பையன் ஒருவன் கத்தியோடு கடத்தினான். பயணி ஒருவர் கொல்லப்பட்டார். பேருந்தில் ஏறுவதற்குச் சற்று முன்னர் ‘நியோ முகிச்சா’ என்ற புனைபெயரில் 2சேனலில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அவன் கிளம்பியிருந்தான். முகிச்சா என்றால் பார்லி தேநீர். இதில் அரசியல் எதுவும் இல்லை. ஆனால் பலகையில் சொல்லிவிட்டுக் கொலைக்குப் போவது என்ற வழக்கம் பின்னால் எங்கே போய் நின்றது என்பதைப் பார்க்கும்போது, இந்தப் பெயரை மறக்க முடியவில்லை.

பலகையில் எழுதியவர்களைப் பிடிக்க முடியாதவர்கள் சொந்தக்காரரைப் பிடித்தார்கள். தங்களைப் பற்றிய அவதூறை அழிக்க மறுத்தார் என்று ஒரு கால்நடை மருத்துவமனை வழக்குப் போட, 2002 ஜூனில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 40 லட்சம் யென் இழப்பீடு விதித்தது. அதன்பின் வழக்குகள் வரிசையாக வந்தன. நிஷிமுரா வரிசையாகத் தோற்றார். கட்டினாரா? இல்லை. கட்டப்போவதில்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. சொத்தைக் கையில் வைத்துக்கொள்ளாதவரிடம் உரிமையியல் நீதிமன்றம் வெறுங்கையோடுதான் நிற்க முடியும் என்பதை ஜப்பான் பார்த்துக்கொண்டிருந்தது. பொறுப்பில்லாமல் எழுதலாம் என்பது அனானிக்குக் கிடைத்த சுதந்திரம் என்றால், பொறுப்பில்லாமல் நடத்தலாம் என்பது நிஷிமுரா கண்டுபிடித்துக் கொடுத்தது. இந்தக் கதையில் இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

ஷோனானில் குப்பை பொறுக்கியதோடு விஷயம் நிற்கவில்லை. 2005இல் ‘மங்கா கென்கான்ரியூ’ என்ற கொரிய வெறுப்புக் காமிக்ஸ் புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் ‘ஸைதொக்குகாய்’ உருவானது. காலனி ஆட்சிக் காலத்தில் வந்து மூன்று நான்கு தலைமுறைகளாக ஜப்பானில் வாழும் கொரியர்கள் ஏதோ சலுகைகளை அனுபவிக்கிறார்கள், அதை ஒழிப்போம் என்பது கொள்கை. மக்கோதோ சகுராய் என்று அறியப்பட்ட அதன் தலைவருக்கும் அது சொந்தப் பெயர் இல்லை.

2009 டிசம்பர் 4 அன்று கியோட்டோவில் ஒரு கொரியத் தொடக்கப் பள்ளி வாசலில் இவர்கள் போய் நின்றார்கள். மைதானம் இல்லாத பள்ளி அது. பக்கத்துப் பூங்காவைத்தான் பிள்ளைகள் பயன்படுத்தி வந்தார்கள். அதுதான் சாக்கு. பூங்காவிலிருந்த காலை வணக்க மேடையைத் தூக்கி வந்து பள்ளி வாசலில் போட்டார்கள். ஒலிபெருக்கி வயரை வெட்டினார்கள். மெகாபோனில் வசை. உள்ளே பிள்ளைகள். இதையெல்லாம் தாங்களே வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியமாக வந்து நின்றது. 2013 அக்டோபரில் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் ஏறத்தாழ 1.2 கோடி யென் கட்டச் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிராக ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. அதில் தண்டனைப் பிரிவு கிடையாது.

யார் இவர்கள்? ஸைதொக்குகாய் பற்றிப் புத்தகம் எழுதிய பத்திரிகையாளர் கோயிச்சி யாசுதா, அங்கீகாரம் தேடி ஏங்கும் சாதாரண மனிதர்களைப் பார்த்ததாக எழுதினார். வேலையில்லாத, வாழ்க்கையில் தோற்ற இளைஞர்கள் என்று பத்திரிகைகள் அதைச் சுருக்கிக்கொண்டன. சமூகவியலாளர் நவோதோ ஹிகுச்சி உறுப்பினர்களைத் தேடிப் பேசியபோது கிடைத்த படம் வேறு. கல்லூரி படித்தவர்கள், நிரந்தர வேலையில் இருப்பவர்கள் அதில் நிறைய. வறுமைதான் வெறுப்பை வளர்க்கிறது என்று சொல்லிவிட்டு நகர்வது எல்லோருக்கும் வசதி. தரவு அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

இரண்டாவது ஆள் கிறிஸ்டோபர் பூல். 2003 அக்டோபர் 1 அன்று ‘4சான்’ தளத்தைத் தொடங்கியபோது நியூயார்க்கில் பெற்றோர் வீட்டில் இருந்த 15 வயது அனிமே ரசிகர். 2சேனலின் நிழலில் ‘ஃபுதபா சேனல்’ என்று படம் போடும் பலகை ஒன்று 2001இல் முளைத்திருந்தது. பூல் அதன் நிரலை எடுத்து, ஜப்பானிய வரிகளை ‘பேபல்ஃபிஷ்’ என்ற மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு ஆங்கிலமாக்கினார். நனாஷி-சான் ‘அனானிமஸ்’ ஆனார். பூலும் தன்னை ‘மூட்’ என்றே அழைத்துக்கொண்டார்; அவர் யார் என்பது 2008 வரை வெளியே தெரியாது.

4சானின் மிகப் பெரிய பலகையை 2011இல் ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு இழையின் இடைநிலை ஆயுள் 3.9 நிமிடம். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அனானிகள். பத்தில் நான்கு இழைகளுக்குமேல் ஒரு பதில்கூட வாங்காமல் செத்தன. நான்கு நிமிடத்துக்குள் யாரையாவது திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். பெயர் இல்லை, ஆகவே நேற்றைய மதிப்பு இன்றைக்கு உதவாது. என்ன செய்வான் மனிதன்? நேற்று யாரும் சொல்லத் துணியாததை இன்று சொல்வான். அது பூனைப் படத்தின் மேல் பிழையோடு எழுதிய வாசகமாகவும் இருக்கலாம், விஷவாயு அறை பற்றிய நகைச்சுவையாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே.

அந்த நாட்களில் உலகம் 4சானைச் செல்லமாகத்தான் பார்த்தது. 2008 பிப்ரவரியில் முகமூடி போட்ட ஆயிரக்கணக்கான அனானிகள் சயன்டாலஜி சபைக்கு எதிராகப் பல நாட்டுத் தெருக்களில் நின்றபோது, இடதுசாரிகள்கூடக் கைதட்டினார்கள். 2009இல் ‘டைம்’ இதழ் உலகின் செல்வாக்கு மிக்கவர் யார் என்று இணையத்தில் வாக்கெடுக்க, 4சான் கூட்டம் பூலை முதலிடத்தில் ஏற்றியது. அதோடு விடவில்லை. முதல் 21 இடங்களில் வந்தவர்களின் பெயர் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் தங்களுக்குள் புழங்கிய ஒரு வேடிக்கை வாசகம் வருமாறு வரிசையையே அடுக்கிக் காட்டியது. இவ்வளவு திறமையும் ஒழுங்கும் ஒரு நாள் வேறு வேலைக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று அப்போது கவலைப்பட்டவர்கள் குறைவு.

பூலுக்கு வாடை தெரிந்திருந்தது. 2011 ஜனவரியில் செய்திகளுக்கான பலகையை மூடினார். இது ஸ்டார்ம்ஃபிரண்டாக மாறினால் எடுத்துவிடுவேன் என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தேன், மாறிவிட்டது, எடுத்துவிட்டேன் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். ஆனால் அதே ஆண்டு முடிவதற்குள் ‘போல்’ என்ற புதிய பலகையைத் திறந்தார். மற்றப் பலகைகளில் வழிகிற இனவெறியை ஒரே இடத்தில் தேக்கி வைத்துவிடலாம் என்ற கணக்கு அதில் இருந்ததாக அன்று முதலே பேச்சு. தேங்கியது நொதித்தது. 2016இல் ஓர் ஆய்வுக் குழு இரண்டரை மாதத்தில் அந்தப் பலகையிலிருந்து 80 லட்சம் பதிவுகளைச் சேகரித்துப் பார்த்தது. நூற்றுக்குப் பன்னிரண்டில் வெறுப்புச் சொற்கள். ட்விட்டரில் அதே அளவுகோலில் 2.2தான்.

இங்கேதான் பழைய தீவிர வலதுசாரிகள் புதிய பாடம் படித்தார்கள். நாஜிச் சீருடையோடு வந்தால் ஆள் ஓடுவான். சிரிக்க வைத்தால் நிற்பான். ‘டெய்லி ஸ்டார்மர்’ என்ற நவநாஜித் தளத்தை நடத்திய ஆண்ட்ரூ ஆங்லினும் 4சானில் புழங்கியவர். அவர் தன் எழுத்தாளர்களுக்குக் கொடுத்திருந்த வழிகாட்டி 2017 டிசம்பரில் கசிந்தது. நாம் விளையாட்டுக்குச் சொல்கிறோமா நிஜமாகவே சொல்கிறோமா என்பது வெளியாளுக்குப் புரியக் கூடாது என்று அதில் பச்சையாக எழுதியிருந்தார். கண்டித்தால் ‘ஜோக்கைக்கூடப் புரிந்துகொள்ளத் தெரியாதா’ என்பார்கள், கண்டிக்காவிட்டால் சொன்னது சொன்னபடி நிற்கும்.

இந்த வித்தைக்குப் பலியான முதல் பிரபலம் ஒரு தவளை. மேட் ஃப்யூரி என்ற ஓவியர் 2005இல் வரைந்த பெப்பே, நண்பர்களோடு பீட்சா தின்றுகொண்டு சும்மா கிடக்கும் சாதுப் பிராணி. பத்தாண்டுகள் இணையமெங்கும் சுற்றிய அதன் தலையில் நாஜித் தொப்பியை மாட்டினார்கள். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்புக் கழகம் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மனம் வெறுத்த ஃப்யூரி மறு ஆண்டு ஒரு காமிக்ஸில் பெப்பேயைச் சவப்பெட்டியில் கிடத்தினார். பிறகு மனம் மாறி வழக்குப் போட ஆரம்பித்தார். தவளையைச் சுவரொட்டியில் போட்டு விற்ற ‘இன்ஃபோவார்ஸ்’ 15,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

தவளையை அவர்கள் திருடினார்கள். கை முத்திரையை வெறும் புரளியால் உருவாக்கினார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்து ‘ஓகே’ காட்டுவது வெள்ளை இனவெறிச் சின்னம் என்று கிளப்பிவிட்டு, பத்திரிகைக்காரர்கள் நம்புகிறார்களா பார்ப்போம் என்று 2017 பிப்ரவரியில் 4சானில் ஒரு விளையாட்டு. பத்திரிகைகள் நம்பின. கொஞ்ச நாளில் உண்மையான இனவெறியர்களே அதைக் காட்டித் தங்களுக்குள் கண்ணடிக்கத் தொடங்கினார்கள். 2019 மார்ச்சில் நியூசிலாந்து நீதிமன்றக் கூண்டில் கைவிலங்கோடு நின்ற ஒருவன் அதே முத்திரையைக் காட்டினான். அவனிடம் வருவதற்கு முன் மற்ற இரண்டு சொந்தக்காரர்களையும் பார்த்துவிட வேண்டும்.

2014 ஆகஸ்டில் ‘கேமர்கேட்’ வெடித்தது. வீடியோ கேம் உருவாக்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவருடைய முன்னாள் காதலர் எழுதிய நீளமான பதிவில் தொடங்கி, பத்திரிகை ஒழுக்கம் பேசுகிறோம் என்ற பெயரில் பல பெண்களைக் கொலை மிரட்டல் விட்டு வீட்டைவிட்டே ஓட வைத்த விவகாரம். செப்டம்பரில் பூல் அந்த இழைகளுக்குத் தடை போட்டார். துரோகி என்று கத்திக்கொண்டு கூட்டம் இடம்பெயர்ந்த இடம் ‘8சான்’. ஃப்ரெட்ரிக் பிரென்னன் என்ற இளைஞர் 2013 அக்டோபரில் தொடங்கியது. பிறவியிலேயே எலும்புகள் எளிதில் முறியும் நோயோடு சக்கர நாற்காலியில் வாழ்பவர் அவர். யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு பலகை திறந்துகொள்ளலாம், அமெரிக்கச் சட்டம் தடுக்காத எதற்கும் அனுமதி என்பது விதி. கூட்டம் வந்தது, செலவு எகிறியது, கைகொடுக்க ஓர் ஆள் வந்தார்.

அவர்தான் ஜிம் வாட்கின்ஸ். அமெரிக்க ராணுவத்தில் ஹெலிகாப்டர் பழுதுபார்த்தவர், ஆபாசத் தளம் நடத்திக் காசு பார்த்தவர், பிலிப்பைன்ஸில் குடியேறியவர். இதைவிட முக்கியம், 2சேனலுக்குப் பல ஆண்டுகள் சர்வர் கொடுத்தவர் அவர்தான். 2014 பிப்ரவரியில், நிஷிமுரா பணம் பாக்கி வைத்திருக்கிறார் என்று சொல்லி 2சேனலையே தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். இது திருட்டு என்றார் நிஷிமுரா. பதினைந்து ஆண்டுகள் யாருக்கும் பதில் சொல்லாமல் பலகை நடத்தியவருக்கு, பலகை கைமாறியதும் சட்டம் நினைவுக்கு வந்தது. அதே ஆண்டு பிரென்னன் மணிலாவுக்குப் போனார், 8சான் வாட்கின்ஸ் கைக்கு வந்தது. பலகையை இழந்த நிஷிமுரா சும்மா இருக்கவில்லை. பூல் களைத்துப்போய் விலக, 2015 செப்டம்பரில் 4சானை வாங்கிக்கொண்டார். அதற்குப் பணம் போட்டவர்களில் அனிமே பொம்மைகள் செய்யும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் உண்டு என்று பின்னாளில் செய்தி வந்தது. ஆக, ஒரு ஜப்பானியப் பலகைக்குச் சண்டை போட்ட இரண்டு பேர் கையில், ஆங்கிலம் பேசும் உலகின் வெறுப்புக் கிடங்குகள் இரண்டும் போய்ச் சேர்ந்தன. 2016 அமெரிக்கத் தேர்தலுக்கு அப்போது ஓராண்டு பாக்கி.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச் நகரத்து அல் நூர் மசூதியில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தார்கள். சில நிமிடம் முன்பு 8சானில் ஒரு பதிவு விழுந்தது: பேச்சு போதும், இனிச் செயல் என்கிற மாதிரி நாலு வரி, ஃபேஸ்புக் நேரலைக்கு இணைப்பு, நீண்ட அறிக்கை ஒன்று. சுட்டவன் டனீடினில் குடியிருந்த ஆஸ்திரேலியன். அவன் பெயரைச் சொல்லமாட்டேன் என்றார் அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன். இந்தத் தொடரும் சொல்லவில்லை. இரண்டு மசூதிகளில் 51 பேர் இறந்தார்கள். இந்தியர்களும் அவர்களில் உண்டு. இரண்டாவது மசூதியான லின்வுட்டில், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய அப்துல் அஸீஸ் கைக்குக் கிடைத்த கார்டு தேய்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவனை நோக்கி ஓடினார். அதை வீசினார். பிறகு அவன் கீழே போட்ட துப்பாக்கியையே எடுத்து எறிந்து கார்க் கண்ணாடியை உடைத்தார். அவன் கிளம்பிப் போனான்.

கொலைகாரனின் அறிக்கையை வரிக்கு வரி ஆராய்ந்தவர்கள் கவனித்தது, அதில் பாதி பலகைக் கூட்டத்தைச் சிரிக்க வைக்க எழுதியது என்பதை. வெளியாட்கள் தடுமாற வேண்டும் என்றே பொய்த் தடயங்களைப் போட்டிருந்தான். துப்பாக்கி மேலும் எழுத்து. கேமராவில் தெரியவேண்டும் என்று. ஃபேஸ்புக் சொன்ன கணக்குப்படி நேரலையில் பார்த்தது 200 பேருக்கும் குறைவு. முதல் புகார் வந்ததே வீடியோ தொடங்கி 29 நிமிடம் கழித்துத்தான். அதற்குள் 8சானில் ஒருவர் பிரதி எடுத்து வேறிடத்தில் ஏற்றி இணைப்புக் கொடுத்துவிட்டார். அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் மட்டும் 15 லட்சம் பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது. அதில் 12 லட்சம் ஏற்றும்போதே தடுக்கப்பட்டவை.

எல்லாப் பழியையும் பலகை மேல் போட்டுவிட்டால் வேலை சுலபம். நியூசிலாந்தின் அரச விசாரணை ஆணையம் அப்படிச் செய்யவில்லை. சிறையில் அவனிடமே கேட்டார்கள். தீவிரத் தளங்களில் தான் அதிகம் எழுதியதில்லை, தனக்குத் தகவலும் உந்துதலும் கிடைத்தது பெரும்பாலும் யூடியூபில் என்று அவன் சொன்னதை 2020 டிசம்பரில் வெளியான அறிக்கை பதிவுசெய்தது. வெள்ளையர்களை அப்புறப்படுத்தச் சதி நடக்கிறது என்று அவன் தலைப்பில் போட்ட ‘பெரும் மாற்றீடு’ என்ற கருத்துக்கும் மூலம் அனானி இல்லை. ரெனோ கமு என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 2011இல் சொந்தப் பெயரில் போட்ட புத்தகம் அது. பலகை அவனுக்குக் கொடுத்தது பார்வையாளர்களை. செய்ததும் கைதட்ட ஒரு கூட்டம் தயாராக இருந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையை விளையாட்டு ஸ்கோராகவும் கொலைகாரனைப் புனிதனாகவும் எழுதிய கூட்டம்.

கைதட்டல் கேட்டு மற்றவர்கள் கிளம்பினார்கள். ஏப்ரல் 27, கலிபோர்னியாவின் போவே யூத ஆலயம்: ஒருவர் பலி. ஆகஸ்ட் 3, டெக்சாஸின் எல் பாசோ வால்மார்ட்: 23 பேர். இரண்டு அறிக்கைகளும் முதலில் விழுந்தது 8சானில். எல் பாசோவுக்குப் பிறகு, தான் உருவாக்கிய தளத்தை இழுத்து மூடுங்கள் என்று பிரென்னனே பத்திரிகைகளில் மன்றாடினார். வாட்கின்ஸ் மூடவில்லை. தளத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துவந்த ‘கிளவுட்ஃபிளேர்’ கையை உதறியபின்தான் 8சான் விழுந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, நார்வேயில் இன்னொருவன் ‘எண்ட்சான்’ என்ற வேறொரு பலகையில் எழுதிவிட்டு மசூதிக்குள் நுழைந்தான். உள்ளே இருந்தது மூன்று பேர். அவர்களில் ஒருவரான முகமது ரஃபீக், 65 வயது, பாகிஸ்தான் விமானப்படையில் ஓய்வு பெற்றவர். அவர் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வாட்கின்ஸ் ஆஜரானார், சட்டைக் காலரில் சதிக்கதை இயக்கம் ஒன்றின் ‘கியூ’ எழுத்து பதித்த வில்லையோடு. (அந்தக் கியூவின் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.) நவம்பரில் தளம் ‘8குன்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. எதை வேண்டுமானாலும் சொல்லும் உரிமைக்காகத் தளத்தை நடத்துவதாகச் சொன்ன அதே வாட்கின்ஸ், தனக்கு வயதாகி மூளை மங்குகிறது என்று ட்விட்டரில் எழுதியதற்காகப் பிரென்னன் மேல் பிலிப்பைன்ஸில் இணைய அவதூறு வழக்குத் தொடுத்தார். 2020 பிப்ரவரியில் கைது ஆணை பிறந்தது. பிரென்னன் அதற்குள் நாட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார்.

அனானிகளின் முகம் தெரியவந்த தருணங்களும் உண்டு. அநேகமாக எல்லாமே கசிவுகள். ‘அயர்ன் மார்ச்’ என்ற நவபாசிச மன்றத்தின் முழுத் தரவும் 2019 நவம்பரில் வெளியே கொட்டியது. மின்னஞ்சல், தனிக் கடிதம் எல்லாம். அதே குட்டையில் ஊறிய ‘ஃபாயர்கிரீக் டிவிஷன்’ என்ற குழு, குண்டுவெடிப்பு பற்றிப் பேசி, ஆள் சேர்த்து, பல நாட்டுப் போலீசை அலையவிட்டது. அதன் ‘கமாண்டர்’ யார் என்று எஸ்தோனியப் பாதுகாப்புப் போலீஸ் தேடிப் போய்ப் பார்த்தபோது கதவுக்குப் பின்னால் இருந்தது 13 வயதுப் பையன். அவன் பேச்சைக் கேட்டுக் குழுவில் இருந்த வளர்ந்த ஆண்கள் சிலர் வெவ்வேறு நாடுகளில் சிறைக்குப் போனார்கள்.

2022 மே 14. அமெரிக்காவின் பஃபலோ நகரில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதியிலிருந்த பல்பொருள் அங்காடியில் 18 வயது வெள்ளை இளைஞன் ஒருவன் 10 பேரைச் சுட்டுக் கொன்றான். பத்துப் பேரும் கறுப்பினத்தவர். கொரோனா அடைப்புக் காலத்தில் பொழுது போகாமல் 4சானுக்குப் போனதாக அவனே எழுதியிருந்தான். கிறைஸ்ட்சர்ச் வீடியோவின் துணுக்கைப் பார்த்ததும் அங்கேதான். அவன் காட்டிய நேரலையைத் துப்பாக்கிச் சூடு தொடங்கிய இரண்டு நிமிடத்துக்குள் ‘ட்விட்ச்’ தளம் நிறுத்திவிட்டது. வேறொரு தளத்தில் ஏறிய பிரதி 30 லட்சம் தடவைக்குமேல் பார்க்கப்பட்டது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் லெட்டீஷியா ஜேம்ஸ் அக்டோபர் 18 அன்று விசாரணை அறிக்கையை வெளியிட்டு, 4சானைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். வழக்கு? அமெரிக்கச் சட்டத்தின் 230ஆவது பிரிவு, பயனர் எழுதியதற்குத் தளத்தைப் பொறுப்பாக்குவதில்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய பரிந்துரைகளில் ஒன்று.

நான்கு சொந்தக்காரர்களில் பூல் 2016இல் கூகுளில் சேர்ந்து, சில ஆண்டுகள் சத்தமில்லாமல் வேலை பார்த்துவிட்டு வெளியேறினார். பிரென்னன் எழுத்துரு வடிவமைக்கிறவரானார். பழைய தட்டச்சு இயந்திரத்தின் சாயலில் அவர் செய்த ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. வாட்கின்ஸின் மகன் ரான், 8சானின் நிர்வாகியாக இருந்தவர், 2022இல் அரிசோனாவில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நிற்கப் பார்த்துக் கட்சி முதல்நிலைத் தேர்தலிலேயே கடைசி இடத்தில் வந்தார். 4சான் 2025 ஏப்ரலில் உடைக்கப்பட்டு, மாடரேட்டர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்து, பத்து நாளுக்கு மேல் படுத்துக் கிடந்து, மறுபடி எழுந்தது.

நிஷிமுரா பாரிஸில் வாழ்கிறார். ஜப்பானில் அவர் தொலைக்காட்சிப் பிரபலம், சுயமுன்னேற்றப் புத்தகங்களின் ஆசிரியர், வாதத்தில் யாரையும் மடக்குபவர் என்று பட்டம் பெற்றவர். 2022 அக்டோபர் 3 அன்று, பஃபலோ அறிக்கைக்குப் பதினைந்து நாள் முன்னால், ஒக்கினாவாவில் அமெரிக்க ராணுவத் தளத்துக்கு எதிராக உள்ளூர்க்காரர்கள் அமர்ந்து போராடும் ஹெனோக்கோவுக்குப் போனார். மறியல் தொடங்கி 3,011 நாள் என்று எழுதிய பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்து, ஆள் யாரையும் காணோமே, பூஜ்யம் நாள் என்று மாற்றலாமே என்று ட்விட்டரில் போட்டார். லட்சக்கணக்கில் லைக் விழுந்தது. அந்த ஆண்டு முடிவில் ஒரு கல்வி நிறுவனம் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் சொல்லும் சொற்றொடர்களைப் பட்டியலிட்டது. முதலிடம் பிடித்தது, எதிராளியின் வாயை அடைக்க நிஷிமுரா வழக்கமாகச் சொல்வது: ‘அது உங்க அபிப்பிராயம்தானே?’